கொழும்பில் வீடு எடுத்தால் புல்தரையை உயர்த்தாதீர்கள்

வேலைக்காகக் கொழும்புக்கு வருகிறீர்களா? வதிவிட விசா வேலை பத்தரமுல்லையில் உள்ள குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தில். பெரும்பாலும் கம்பெனியே பார்த்துக்கொள்ளும். வாடகை ஒப்பந்தத்தை வக்கீலை வைத்து எழுதுங்கள். நிலத்தை இங்கே பேர்ச்சில் சொல்வார்கள். நம் ஒரு சென்ட் 1.6 பேர்ச். இதெல்லாம் ஒரு வாரத்தில் பழகிவிடும். நான் எழுத உட்கார்ந்தது வீட்டு முன்னால் இருக்கும் புல்லைப் பற்றி.

நம்மூரில் பழைய ரோட்டைச் சுரண்டாமல் மேலேயே போட்டுப் போட்டு வீடு பள்ளமாகிவிடும். வில்லிவாக்கத்தில் அப்பா இரண்டு முறை வாசலை உயர்த்தினார். மழைக்குப் பயந்தால் மண்ணைக் கொட்டு; அதுதான் நமக்குத் தெரிந்த வைத்தியம்.

கொழும்பை ஒட்டிய ராஜகிரியவில் நானும் அதைத்தான் செய்தேன். கார் வரும் இன்டர்லொக் கல் பாதையை ஒட்டி 400 சதுர அடிப் புல்தரை, பாதையைவிட ஓர் அங்குலம் தாழ்வு. அந்தத் தாழ்வு காரணத்தோடு விடப்பட்டது என்று எனக்குத் தோன்றவில்லை. ஏப்ரல் கடைசியில் ஒரு கியூப் மண் இறக்கினேன். (நம் யூனிட்தான் இங்கே கியூப், 100 கன அடி.) தரை மூன்று அங்குலம் ஏறியது. அதன்மேல் ஓர் அங்குலத் தடிமனில் மலேசியன் புல் பத்தைகள் (வேர்மண்ணோடு வெட்டி எடுத்த புல் துண்டுகள்). பாதையைவிடப் புல் மூன்று அங்குலம் உயரம். பார்க்க அழகாகத்தான் இருந்தது.

மே மாதம் தென்மேற்குப் பருவமழை பிடித்தது. அதுவரை கூரைத் தண்ணீர் பாதையில் விழுந்து புல்லுக்குள் இறங்கிப் போயிருக்கிறது. இப்போது புல்லின் ஓரமே அணை. செம்மண் கரைந்து இன்டர்லொக் இடுக்குகளை அடைத்தது. போர்ட்டிகோ முன்னால் தண்ணீர் நாள்கணக்கில் நின்றது. டெங்குச் சோதனைக்கு வந்த சுகாதாரப் பரிசோதகர் அதைக் கண்டு எச்சரித்துவிட்டுப் போனார். கொசு முட்டை பறக்கும் கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். வழக்குப் போடவும் அவர்களுக்கு அதிகாரம் உண்டு. வீட்டு ஓனர் கற்களைப் பெயர்த்துப் பதிக்க என் அட்வான்ஸில் ஒரு மாத வாடகையைக் கழித்தார். எனக்கு இன்னும் ஆறவில்லை.

சரிசெய்ய வந்தவர் மலையகத்து ஹட்டன்காரர். "மண்ணு போட்டது யாரு சார்? தண்ணி போற வழியை அடைச்சிருக்கீங்களே" என்றார். நான் இங்கே வந்து நாலு மாதத்தில் வீட்டு வாசலில் கேட்ட முதல் தமிழ். திட்டு என்றாலும் இனித்தது. பத்தைகளைச் சுருட்டி ஓரமாக வைத்தார். பாதை விளிம்பில் நூல் பிடித்து, மூன்றரை அங்குல மண்ணை வெட்டி எடுத்தார்.

அவர் வைத்த அளவு இது: மண் விளிம்பைவிட ஒன்றரை அங்குலம் கீழே. பத்தை வைத்த பிறகும் அரை அங்குலத் தாழ்வு மிஞ்ச வேண்டும், ஏனென்றால் காய்ந்த புல்லும் வேரும் சேர்ந்து தரை வருடாவருடம் ஏறும். வீட்டிலிருந்து விலக விலக நாலு அடிக்கு ஓர் அங்குலச் சரிவு. புது மண் என்றால் தண்ணீர் விட்டு அமுங்கவிட்டு, பிறகே அளக்க வேண்டும். அதற்காக மிகவும் தாழ்த்தியும் விடாதீர்கள். ஓரத்தில் கால் மடங்கும், புல் வெட்டும் மெஷினின் சக்கரமும் இறங்கிவிடும். தாழ்வு அரை அங்குலத்தோடு நின்றால் ஒரு சக்கரத்தைப் பாதையில் ஓட்டியே ஓரத்தையும் வெட்டிவிடலாம். மலேசியன் புல் கல்மேல் கொடி விட்டு ஏறும், மாதம் ஒருமுறை நறுக்குங்கள்.

வாடகை வீட்டின் சாவியை வாங்கும் அன்றே விளிம்பில் ஸ்கேலை நிறுத்திப் படம் எடுத்து ஓனருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். முடிந்தால் மழை பெய்யும்போது போய் வீட்டைப் பாருங்கள்.