இங்கிலாந்தில் புரோபேட்: அக்கவுண்டன்ட்டை வைத்து முடிப்பது எப்படி

ஈஸ்ட் ஹாமில் இருந்த என் பெரியப்பா இறந்தபோது அவர் உயிலில் எக்ஸிகியூட்டராக, அதாவது உயிலை நிறைவேற்றுபவராக, என் பெயர் இருந்தது. காரியம் முடிந்த மறுவாரமே புரோபேட்டுக்காக, அதாவது உயிலை நிறைவேற்றக் கோர்ட் தரும் அனுமதிக்காக, ஒரு சொலிசிட்டரை (வக்கீலை) போய்ப் பார்த்தேன். சொத்து மதிப்பில் 2 சதவீதம், அதற்கு மேல் வாட் என்றார். வீடு, சேமிப்பு, தஞ்சாவூர் பக்கம் ஒரு மனை எல்லாம் சேர்த்து 6 லட்சம் பவுண்ட், அப்படியானால் கட்டணம் மட்டும் 12,000, வாட்டோடு 14,400. உயில் தெளிவாக இருந்தது, பங்காளிகளுக்குள் சண்டை இல்லை. பிறகு எதற்கு இவ்வளவு என்று விசாரித்தபோதுதான் அக்கவுண்டன்ட்டும் இந்த வேலையைச் செய்யலாம் என்பது தெரிந்தது. கடைசியில் 4,500 பவுண்டும் வாட்டும் கொடுத்து முடித்தேன். இங்கே எழுதுவதெல்லாம் இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும்தான், ஸ்காட்லாந்தில் சட்டம் வேறு.

முதலில் லைசென்ஸ். இதில் நான் ஏழு வாரம் இழந்தேன், நீங்கள் இழக்க வேண்டாம். எக்ஸிகியூட்டர் தானே விண்ணப்பம் போடலாம், அதற்குத் தடை இல்லை. ஆனால் கூலி வாங்கிக்கொண்டு இன்னொருவருக்காக புரோபேட் தாள்களைத் தயாரிப்பது 2007ஆம் ஆண்டின் லீகல் சர்வீசஸ் சட்டப்படி உரிமம் உள்ளவர்களுக்கு மட்டுமே. பட்டயக் கணக்காளர் அமைப்பான ஐசிஏஇடபிள்யூ 2014 முதல் தன் உறுப்பினர் நிறுவனங்களுக்கு அந்த உரிமத்தைக் கொடுக்கிறது. இந்த நாட்டில் அக்கவுண்டன்ட் என்று யார் வேண்டுமானாலும் போர்டு மாட்டிக்கொள்ளலாம் என்பதால், கடைக் கணக்குப் பார்ப்பவர் 'நான் பார்த்துக்கிறேன்' என்று சொல்வதை நம்பிக் காகிதங்களைக் கொடுத்துவிடாதீர்கள். எங்கள் உறவினரின் கணக்குப் பார்ப்பவரிடம் நான் அப்படித்தான் கொடுத்தேன், அவருக்கு உரிமமே இல்லை என்பது ஏழு வாரம் கழித்துத் தெரிந்தது. புரோபேட் உரிமம் உள்ள நிறுவனங்களின் பட்டியலை ஐசிஏஇடபிள்யூ பொதுவில் வைத்திருக்கிறது. அதில் பெயர் இருக்கிறதா என்று பார்த்த பிறகே போன் செய்யுங்கள்.

அவர்களுக்கும் ஓர் எல்லை உண்டு. தகராறு இல்லாத புரோபேட்டைத்தான் அவர்கள் எடுக்க முடியும். உயில் செல்லாது என்று யாராவது சொன்னாலோ, 'எனக்கு ஒன்றும் வைக்கவில்லையே' என்று மனைவியோ பிள்ளையோ வழக்குப் போடுவதாகச் சொன்னாலோ நேராக சொலிசிட்டரிடம் போய்விடுங்கள். வீட்டை விற்கும்போது பத்திர வேலைக்கும் கன்வேயன்சர் தனியாக வேண்டும்.

கட்டணம் கேட்கும்போது சதவீதத்துக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள், இது என் உறுதியான கருத்து. வீடு விலை ஏறியதால் அவர்களுடைய வேலை கூடுவதில்லை. விண்ணப்பம் மட்டும் போட்டுக் கொடுக்க எவ்வளவு, கடைசிப் பங்கீடு வரை எல்லாம் செய்ய எவ்வளவு என்று இரண்டையும் தனித்தனியாக, நிலையான தொகையாக எழுத்தில் வாங்குங்கள். வாட் சேர்ந்ததா, 300 பவுண்ட் கோர்ட் கட்டணம் சேர்ந்ததா, வீட்டு மதிப்பீட்டுக்குத் தனிச் செலவா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். பாங்குகளுக்கு எழுதுவது, கவுன்சில் டாக்ஸ், கேஸ், கரண்ட் கணக்கு முடிப்பது எல்லாம் நீங்களே செய்யலாம், அந்தப் பணம் மிச்சம்.

சரி, அக்கவுண்டன்ட் உண்மையிலேயே எங்கே பயன்படுகிறார்? வரியில்தான். ஒருவருக்கு 3,25,000 பவுண்ட் வரை வாரிசு வரி இல்லை, அதற்கு மேல் 40 சதவீதம். குடியிருந்த வீடு பிள்ளைகளுக்கோ பேரப்பிள்ளைகளுக்கோ போனால் இன்னொரு 1,75,000 வரை சலுகை உண்டு. தம்பி மகனுக்கும் தங்கை மகளுக்கும் இது கிடையாது, நம் குடும்பங்களில் பலர் இதை அறியாமல் கணக்குப் போடுகிறார்கள். பெரியப்பாவுக்குப் பிள்ளைகள் இல்லை, அதனால் அந்தச் சலுகை எங்களுக்கு இல்லை. ஆனால் முன்பே இறந்த பெரியம்மா எல்லாவற்றையும் அவருக்கே விட்டுப் போயிருந்ததால் அவருடைய 3,25,000 அப்படியே மீதம் இருந்தது. அதைக் கோரிப் பெற்றோம், வரம்பு 6,50,000 ஆனது. கோரினால்தான் கிடைக்கும், தானாக வராது.

அதற்குப் பிறகு வந்ததுதான் பெரிய சிக்கல். இறப்பதற்கு முந்தைய 7 ஆண்டில் கொடுத்த பணமும் கணக்கில் சேரும். பெரியப்பா ஊரில் இருக்கும் தன் தங்கைக்கு மாதம் 400 பவுண்ட் அனுப்பிக்கொண்டிருந்தார், 7 ஆண்டில் அது 33,600. வீடு கட்ட என் தம்பிக்கு ஒரே தடவையாக 50,000 கொடுத்திருந்தார். இரண்டும் 6 லட்சம் சொத்தோடு சேர்ந்தால், கொடுத்த பணத்தில் ஆண்டுக்கு 3,000 என்ற கழிவு போகவும் வரம்பைத் தாண்டிவிடும். எங்கள் அக்கவுண்டன்ட் 7 ஆண்டு பாங்க் ஸ்டேட்மென்ட்டையும் பென்ஷன் தாள்களையும் எடுத்து வைத்துக்கொண்டு, மாதாமாதம் போன பணம் வருமானத்தின் மிச்சத்திலிருந்து வழக்கமாகப் போனது, அதனால் அவர் வாழ்க்கைத்தரம் குறையவில்லை என்று ஆண்டுவாரியாகக் காட்டினார். ஐஹெச்டி 403 என்ற வாரிசு வரிப் படிவத்தில் இதற்கென்றே ஓர் அட்டவணை இருக்கிறது. அந்த 33,600 முழுவதும் விலக்கானது, வரி ஒரு பவுண்டும் வரவில்லை. ஊருக்குப் பணம் அனுப்பாத வீடு நம்மில் எது? ஆகவே முதல் சந்திப்புக்குப் போகும்போதே உயில், இறப்புச் சான்றிதழ் இவற்றோடு 7 ஆண்டு ஸ்டேட்மென்ட்டையும் கொண்டுபோங்கள்.

ஊரில் இருக்கும் மனையையும் டெபாசிட்டையும் மறைக்காமல் சொல்லுங்கள். 2025 ஏப்ரல் 6 முதல், இறந்தவர் கடந்த 20 வரியாண்டுகளில் 10 ஆண்டு இங்கே வசித்திருந்தால் பொதுவாக உலகில் எங்கே சொத்து இருந்தாலும் இங்கே வரிக்கணக்கில் வரும். அந்த மனையைப் பெயர் மாற்றுவது தமிழ்நாட்டு வக்கீலின் வேலை, இங்குள்ள அக்கவுண்டன்ட்டால் ஆகாது. எங்களுக்கு மதிப்பீட்டுத் தாள் வரவே இரண்டு மாதம் ஆனது, அதனால் அதை முதலில் தொடங்குங்கள்.

நாள் கணக்கு முக்கியம். இறந்த மாதத்துக்குப் பிறகு ஆறாவது மாதக் கடைசிக்குள் வாரிசு வரி கட்ட வேண்டும், ஜனவரியில் இறந்தால் ஜூலை 31. புரோபேட் வருவதற்கு முன்பே கட்ட வேண்டியிருக்கும், ஆனால் பணமோ பாங்கில் முடங்கியிருக்கும். கையிலிருந்து போட வேண்டியதில்லை, இறந்தவரின் கணக்கிலிருந்தே வரித்துறையான ஹெச்எம்ஆர்சிக்கு நேராக அனுப்பும் ஏற்பாடு பாங்குகளில் இருக்கிறது. வீட்டுக்கு உரிய வரியை 10 ஆண்டுத் தவணையாகவும் கட்டலாம், ஆனால் வட்டி உண்டு, வீட்டை விற்றால் மீதி முழுவதையும் கட்டியாக வேண்டும்.

அப்புறம் வீடு விற்பனை. இறந்த நாள் மதிப்புக்கு மேல் விற்றால் அந்த லாபத்துக்கு 24 சதவீதம் மூலதன ஆதாய வரி வரலாம், வரி வந்தால் 60 நாளுக்குள் அறிவித்துக் கட்ட வேண்டும். எஸ்டேட்டாக, அதாவது இறந்தவரின் பிரிக்காத சொத்தாக, விற்றால் ஒரே ஒரு 3,000 பவுண்ட் விலக்குதான். விற்பதற்கு முன்பே வீட்டை வாரிசுகள் பேரில் ஒதுக்கி எழுதிவிட்டால் ஒவ்வொருவருடைய 3,000 விலக்கும் கிடைக்கும், நாலு பேர் என்றால் 12,000. விற்பனை ஒப்பந்தம் ஆவதற்கு முன் செய்தால்தான் இது செல்லும், ஆகவே வீடு விற்பனைக்கு என்று போர்டு வைக்கும்போதே அக்கவுண்டன்ட்டுக்குச் சொல்லிவிடுங்கள். மாறாக, வரி கட்டிய வீடு 4 ஆண்டுக்குள் குறைந்த விலைக்குப் போனால் கூடுதலாகக் கட்டிய வாரிசு வரியைத் திரும்பக் கேட்கலாம்.

யாரை அமர்த்தினாலும் எக்ஸிகியூட்டரின் பொறுப்பு உங்களை விட்டுப் போகாது. பங்கு பிரித்த பிறகு கடன்காரர் வந்தால் உங்கள் கையிலிருந்து கொடுக்க வேண்டி வரும். அதனால் கெஸட்டிலும் உள்ளூர்ப் பத்திரிகையிலும் அறிவிப்புக் கொடுத்து குறைந்தது இரண்டு மாதம் பொறுங்கள். புரோபேட் கிடைத்த நாளிலிருந்து 6 மாதம் வரை குடும்பத்தார் பங்கு கேட்டு வழக்குப் போடலாம் என்பதால் அதுவரை பெரிய தொகையைப் பிரிக்காமல் இருப்பது நல்லது. அத்தைமார் போனில் எவ்வளவு அவசரப்படுத்தினாலும் சரி. கடைசியாக அக்கவுண்டன்ட் வரவு, செலவு, வரி, ஆளுக்கு எவ்வளவு என்று எஸ்டேட் கணக்கு எழுதித் தருவார். அதை வாரிசுகள் எல்லாருக்கும் அனுப்பி, அவர்கள் கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்பிய பிறகே பணத்தை மாற்றுங்கள்.