வாரம் தவறாமல் நின்றுபோகும் மின்னஞ்சல் நிரல்

வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் மாமாவுக்காக, ஆர்டர் அஞ்சல்களை ஜிமெயில் ஏபிஐ (நிரல்கள் அஞ்சல்பெட்டியை அணுகக் கூகுள் தரும் வழி) வழியாகப் படித்துப் பட்டியலிடும் பைதான் நிரல் ஒன்றை எழுதினேன். திங்கட்கிழமை அனுமதி கொடுத்தால், அடுத்த திங்களன்று ‘இன்வேலிட் கிராண்ட்’, அதாவது அனுமதி செல்லாது, என்று நின்றுவிடும்.

நிரலில் பிழை இல்லை. நிரலைச் செயலியாகப் பதிவுசெய்த கூகுள் கிளவுட் பக்கத்தில் அதன் நிலை ‘டெஸ்டிங்’ (சோதனை) என்றிருந்தால், ரெஃப்ரெஷ் டோக்கன் (மறுபடி கேட்காமல் அனுமதியைப் புதுப்பிக்கும் அடையாளக் குறியீடு) 7 நாளில் காலாவதியாகிவிடும். அதை ‘புரொடக்‌ஷன்’ என மாற்றி, பழைய டோக்கன் கோப்பை அழித்துவிட்டு, பிரவுசரில் மறுபடி அனுமதி கொடுங்கள். சரிபார்க்கப்படாத செயலி என்று எச்சரிக்கை வரும். நீங்களே எழுதியதுதானே, தைரியமாகத் தொடரலாம்.

நிரல் கேட்கும் அனுமதி ‘ரீட்ஒன்லி’, அதாவது படிக்க மட்டும், என்று இருக்கட்டும். மாமாவின் அஞ்சல்பெட்டியில் வங்கிக் கடிதங்களும் கிடக்கின்றன. அவற்றை அழிக்கும் உரிமை இந்த நிரலுக்கு எதற்கு? டோக்கன் கோப்பை வாட்ஸ்அப்பில் யாருக்கும் அனுப்பிவிடாதீர்கள். அது கடைச் சாவி.