பூச்செடிக்கு மூடாக்கு போடும்போது செய்யக்கூடாதவை

சித்திரை வெயிலில் ரோஜாவையும் செம்பருத்தியையும் வெறும் மண்ணில் காய விடுவது எனக்குப் பொறுக்காது. சருகோ வைக்கோலோ மேலே கிடந்தாலே ஈரம் நிற்கும், மேல்வேர் வெந்துபோகாது, களையும் அடங்கும். ஆனால் அதே மூடாக்கைத் தப்பாகப் போட்டால் செடியே போய்விடும்.

முதல் தவறு, சருகைத் தண்டோடு சேர்த்துக் குவிப்பது. பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஓயாத ஈரத்தில் தண்டின் அடிப்பட்டை ஊறி அழுகத் தொடங்கும். சந்தேகம் வந்தால் சருகை விலக்கி நகத்தால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள்: உள்ளே பச்சை தெரிந்தால் நல்லது, பழுப்பாகக் கொழகொழவென்று பட்டை கையோடு வந்தால் அழுகல் பிடித்துவிட்டது. ஒட்டு ரோஜாவில் ஒட்டுக்கட்டிய முண்டு வெளியே தெரிய வேண்டும். அது மறைந்துபோனால், அதற்குக் கீழே உள்ள அடிச்செடியிலிருந்து காட்டுத்தளிர் கிளம்புவதும் கண்ணில் படாது. தண்டைச் சுற்றி மூன்று விரல் அகலமாவது காலியாக விடுங்கள். தரையில் இரண்டு, மூன்று அங்குலக் கனம் போதும், தொட்டியில் ஓர் அங்குலம்.

அடுத்தது தென்னை நார்க்கழிவு. மலிவாகக் கிடைக்கிறதென்று மக்காததை அப்படியே கொட்டுகிறார்கள். அதில் உப்பு இருக்கலாம். நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று தரம் அலசாமல் போட்டால் இலை ஓரம் கருகும். அப்புறம், மக்காத நார்க்கழிவு மண்ணோடு கலந்தால், அதை மக்கவைக்கும் நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள தழைச்சத்தை இழுத்துக்கொள்ளும். அடியிலைகள் மஞ்சளடிப்பதைப் பார்த்துவிட்டுத் தண்ணீர் போதவில்லை என்று இன்னும் ஊற்றுவார்கள். மக்கியதாக வாங்குங்கள், இல்லையென்றால் தேங்காய் மட்டையைத் துண்டு துண்டாக நறுக்கிப் பரப்புங்கள்.

காய்ந்த மண்ணின் மேல் மூடாக்கு போட்டும் பயனில்லை. களை பிடுங்கி, நன்றாக நனைத்த பிறகு போடுங்கள். மேலே சருகு நனைந்திருந்தாலும் அடிமண் காய்ந்திருக்கலாம். விரலை விட்டுப் பார்த்தால் சரி, தெரிந்துவிடும். உரம் வைக்கும்போதும் சருகை ஒதுக்கி மண்ணில் வைத்து, பிறகு மூடுங்கள்.

வெட்டிய புல்லைப் பச்சையாகக் குவித்தால் சூடேறி அழுகும்; காயவைத்துப் போடுங்கள். கரும்புள்ளி நோய் வந்த ரோஜா இலைகளைத் திரும்ப அதே செடியடியில் போடவே கூடாது. அடுத்த மழையில் நோய் மறுபடி மேலேறும். தைல மர இலையும் வேண்டாம், அது பக்கத்துச் செடிகளை வளரவிடாது.

செம்மண் பக்கம் கரையானைக் கவனியுங்கள். தண்டில் மண்பூச்சு தெரிந்தால் உடனே சருகை அள்ளிவிட்டு, வேப்பம்புண்ணாக்கு தூவுங்கள்.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் மூடாக்கைப் பாதியாகக் குறைத்துவிடுங்கள், நத்தையும் மரவட்டையும் அதற்குள்தான் பதுங்கும். டேபிள் ரோஸுக்கு எந்தக் காலத்திலும் கனமாகப் போட வேண்டாம்; அதற்கு வெயிலும் காய்ந்த மண்ணும்தான் பிடிக்கும்.