அரசு கம்பெனி கணக்க க்ளவுடுக்கு மாத்தப் போறீங்களா? டெமோவுக்கு முன்னாடி இத முடிங்க

"ஏப்ரல்ல இருந்து கணக்கெல்லாம் க்ளவுட்ல தான்"னு சர்குலர் வந்துட்டா எல்லாரும் சாஃப்ட்வேர் டெமோ பாக்க ஓடுவாங்க. நான் என்ன சொல்றேன்னா முதல்ல பழைய டிரையல் பேலன்ஸ (எல்லா கணக்கோட பாக்கியும் இருக்கிற லிஸ்ட்) பிரிண்ட் எடுங்க. சஸ்பென்ஸ்ல (எந்த தலைப்புன்னு தெரியாம தற்காலிகமா போட்ட கணக்கு) என்ன கிடக்கு, ரிட்டையர் ஆகிப் போனவர் பேர்ல இன்னும் டிஏ அட்வான்ஸ் (டூர் போக வாங்கின முன்பணம்) நிக்குதா, டெண்டர் முடிஞ்சும் திருப்பித் தராத இஎம்டி (டெண்டர் போட்டவங்க கட்டின முன்வைப்புத் தொகை) எவ்வளவு, மூணு மாசம் தாண்டியும் பாஸ் ஆகாத செக் எத்தனைன்னு பாத்து தீர்த்துட்டு அப்புறம் ஏத்துங்க, இல்லன்னா அதே குப்பை புது ஸ்க்ரீன்ல அழகா தெரியும், அவ்ளோதான்.

சர்வர் விஷயம் சிம்பிள். மத்திய ஐடி அமைச்சகம் எம்பேனல் பண்ணி (அங்கீகாரப் பட்டியல்ல சேத்து), அதோட தரச் சோதனை அமைப்பான எஸ்டிக்யூசி ஆடிட் முடிச்ச க்ளவுட் மட்டும் எடுங்க, அரசு கொள்முதல் தளமான ஜெம் போர்ட்டல்லயே கிடைக்கும். கம்பெனி சட்டத்துல வர்ற நிறுவனம்னா தினமும் பேக்கப் இந்தியாவுல இருக்கிற சர்வர்ல விழணும், 2023 ஏப்ரல் 1ல இருந்து ஆடிட் டிரெயில் (யார், எப்ப, என்ன மாத்தினாங்கன்ற பதிவு) கட்டாயம், அத யாரும் ஆஃப் பண்ண முடியக்கூடாது. டேட்டா லீக் மாதிரி ஏதாவது ஆச்சுன்னா 6 மணி நேரத்துல மத்திய அரசோட சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்கு சொல்லணும், அந்த ஃபோன யார் பண்ணுவாங்கன்னு இப்பவே எழுதி வைங்க.

டெண்டர்ல நிறைய பேர் கோட்டை விடுற இடம் ஒண்ணு இருக்கு. கான்ட்ராக்ட் மூணு வருஷம், ஆனா கணக்குப் புத்தகத்த 8 வருஷம் வச்சிருக்கணும். வெண்டர் போனப்புறம் டேட்டாவ எந்த ஃபார்மேட்ல, எத்தன நாள்ல, காசு கேக்காம தருவான்னு அப்பவே போட்டுடுங்க.

டெமோவுல அவங்க கொண்டு வர்ற பில்லு எப்பவும் சுத்தமா இருக்கும் 😀 நீங்க உங்க ஒர்க்ஸ் பில் (கட்டுமான வேலைக்கு கான்ட்ராக்டர் போட்ட பில்) ஒண்ண எடுத்துட்டுப் போங்க. அதுல இன்கம்டாக்ஸ் டிடிஎஸ் (பணம் குடுக்கும்போதே பிடிக்கிற வரி), 1% லேபர் செஸ் (கட்டுமானத் தொழிலாளர் நலனுக்கான வரி), செக்யூரிட்டி டெபாசிட் பிடித்தம், கூடவே ஜிஎஸ்டி டிடிஎஸ் 2% இருக்கணும். இந்த 2%க்கு வரி சேக்காம கான்ட்ராக்ட் மொத்த மதிப்பு 2.5 லட்சம் தாண்டுதான்னு தான் பாக்கணும், தனித்தனி பில்ல வச்சு இல்ல, அதனால பெரிய கான்ட்ராக்ட் ஒண்ணுல 80,000 ரூபா பார்ட் பில் (பாதி வேலைக்கான பில்) போட்டுப் பாருங்க, சாஃப்ட்வேர் பிடிக்காம விட்டுச்சுன்னா அடுத்த மாசம் 10ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-7 (ஜிஎஸ்டி டிடிஎஸ் ரிட்டர்ன்) ஃபைல் பண்றப்ப நீங்க தான் மாட்டுவீங்க.

லாகின் ஆளுக்கு ஒண்ணு. 'அக்கவுண்ட்ஸ்1'னு பொதுவா போட்டு செக்ஷனே யூஸ் பண்ணா ஆடிட் டிரெயில் இருந்தும் பிரயோஜனம் இல்ல. வவுச்சர் போடுறவர் வேற, அப்ரூவ் பண்றவர் வேற. ஆஃபீசரோட டிஎஸ்சி டோக்கன் (டிஜிட்டல் கையெழுத்து போடுற யுஎஸ்பி) அசிஸ்டென்ட் டிராயர்ல இருக்கிற பழக்கம் நம்ம ஆஃபீஸ்கள்ல தெரிஞ்சதுதான், அத நிறுத்தாம க்ளவுட் வேண்டாம். டிரான்ஸ்ஃபர் ஆனா ரிலீவிங் ஆர்டர்லயே லாகின் க்ளோஸ்னு ஒரு வரி சேருங்க.

பழசு புதுசு ரெண்டையும் ஒரு குவார்ட்டராவது சேத்து ஓட்டுங்க, மாசக் கடைசில ரெண்டு டிரையல் பேலன்ஸும் ரூபாய்க்கு ரூபா டேலி ஆகணும். இத ஜனவரில வைக்காதீங்க, இயர் எண்ட்ல யாரும் நிமிர மாட்டாங்க, அக்டோபர்ல ஆரம்பிங்க. ஆடிட் பார்ட்டிக்கு (தணிக்கைக்கு வர்ற குழு) ரீட்-ஒன்லி, அதாவது பாக்க மட்டும் முடியுற லாகின் குடுத்துடுங்க, ஃபைல் தூக்குற வேல பாதி குறையும்.