ஸ்பிதிக்குச் சிம்லா வழியே ஏறுங்கள்

இமாசலப் பிரதேசத்தின் ஸ்பிதி பள்ளத்தாக்குக்கு மணாலி வழி தூரம் குறைவுதான். ஆனால் சுமார் 2,000 மீட்டரில் கிளம்பி, ஒரே நாளில் 4,500 மீட்டருக்கும் மேலிருக்கும் குன்சும் கணவாயைக் கடந்தால் தலைவலி, வாந்தி என்று உடம்பு படுத்திவிடும். சிம்லா, கல்பா, தாபோ என்று தங்கித் தங்கிப் போனால் உயரம் மெல்லப் பழகும். 996-ல் எழுந்த தாபோ புத்த மடத்தையும் நிதானமாகப் பார்க்கலாம். குன்சும் பனிக்காலத்தில் மூடியிருக்கும், அப்போது இந்த வழிதான் கதி.

ஊர்க்காரர் வீட்டில் தங்குவீர்களா? பல வீடுகளில் இன்னும் உலர் கழிப்பறைதான். முதல் நாள் நமக்குச் சங்கடமாகத்தான் இருக்கும். தண்ணீர் ஊற்றாதீர்கள், பக்கத்தில் குவித்திருக்கும் மண்ணை அள்ளிப் போடுங்கள். குளிரில் குழாய்த் தண்ணீர் உறைந்துவிடும். தவிர, பார்லி, பட்டாணி வயலுக்கு மண்ணோடு மக்கிய அந்தக் கழிவுதான் உரம்.