நாயின் கண்குழிக் கட்டி: கண்டறிதலும் சிகிச்சையும்

ஒரு கண் மட்டும் மெல்லப் பிதுங்கி, மூன்றாம் இமையும் (கண்ணின் உள் மூலையில் இருக்கும் மெல்லிய படலம்) எட்டிப் பார்த்தால் முதலில் நாயின் தலையை மேலிருந்து பாருங்கள். இரு கண்களின் வேறுபாடு அப்போதுதான் துலங்கும். பிறகு மூடிய இமைமேல் இரு விரல்களால் இரண்டு விழிகளையும் மென்மையாகப் பின்னோக்கி அழுத்துங்கள். கட்டி இருக்கும் பக்கம் விழி உள்ளே போகாது. கருவிழியில் புண் இருந்தால் அழுத்தவே கூடாது.

வாயைத் திறக்கும்போது அலறினால், காய்ச்சலும் இருந்தால், சீழ்க்கட்டியாக இருக்க வாய்ப்பு அதிகம். அது சில நாட்களில் முற்றும். புற்று பெரும்பாலும் வாரக்கணக்கில், வலியின்றி வளரும். விழியே பெருத்திருந்தால் கண்நீர் அழுத்த நோயை (குளுக்கோமா) நினைக்க வேண்டும். கண்ணின் உள்ளழுத்தத்தை அளந்தால் தெரிந்துவிடும். அந்தப் பக்க நாசியில் காற்று வருகிறதா என்றும் பாருங்கள். மூக்குப் புற்று கண்குழிக்குள் ஊடுருவுவது உண்டு.

அல்ட்ராசவுண்ட் கட்டியைக் காட்டும்; எலும்பு அரிப்பை அறிய சிடி ஸ்கேன் தேவை. ஊசி வழியே செல் எடுப்பதை ஸ்கேன் பார்த்தபடியே செய்ய வேண்டும். அதற்குமுன் ஸ்டீராய்டு கொடுத்தால் நிணநீர்ப் புற்று தற்காலிகமாகச் சுருங்கி முடிவைக் குழப்பும். புற்று பரவியிருக்கிறதா என்று அறிய, தாடையடி நிணநீர்க்கணுவையும் நெஞ்சு எக்ஸ்ரேயையும் விட்டுவிடக் கூடாது.

நிணநீர்ப் புற்றுக்குக் கீமோதெரபி. மற்றவற்றில் பெரும்பாலானவை தீயவை என்பதால், கண்ணோடு குழியின் திசுக்களையும் அகற்றுவதே வழக்கம். அகற்றிய திசுவின் ஓரத்தில் புற்றுச் செல்கள் தென்பட்டால் கதிர்வீச்சு. விழியை இழுக்கையில் இதயத்துடிப்பு சட்டென்று குறையலாம், எனவே துடிப்பைக் கூட்டும் அட்ரோபின் மருந்து தயாராக இருக்கட்டும்.

அறுவைக்குக் காத்திருக்கும்போது 4 முதல் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை மசகுக் களிம்பு இடுங்கள். மூடாத கண் காய்ந்து புண்ணாகும். வலிக்கு ஐபுப்ரோஃபென் மட்டும் வேண்டாம், அது நாய்க்கு நஞ்சு.