ரிட்டயர்டு போலீஸ்காரங்களுக்கு ஊர்ல ஒரு சங்கம் ஆரம்பிக்கணுமா? பழைய ரைட்டர் ஒருத்தன் சொல்றத கேளுங்க

டிபார்ட்மென்ட்ல முப்பத்து நாலு வருஷம், அதுல பாதிக்கு மேல ஸ்டேஷன் ரைட்டர், அதாவது ஸ்டேஷன் பேப்பர், ரிஜிஸ்டர் எல்லாம் எழுதுற ஆளு, கடைசில எஸ்.எஸ்.ஐ.யா (சிறப்பு சப்-இன்ஸ்பெக்டர்) வெளிய வந்தேன். தென்காசி பக்கம் எங்க தாலுகால சங்கம் ஆரம்பிக்கும்போது டீக்கடை பெஞ்சுல பதினோரு பேரு, இப்போ நூறுக்கு மேல. போன மாசம் பக்கத்து தாலுகால இருந்து மூணு பேர் வந்து "அண்ணாச்சி, எப்படி ஆரம்பிச்சீங்க, என்னென்ன பேப்பர் வேணும்"னு கேட்டாங்க, இதோட நாலாவது கோஷ்டி, சொல்லி சொல்லி வாய் வலிச்சதுதான் மிச்சம், அதான் எழுதியே வச்சிடலாம்னு உக்காந்துட்டேன்.

மொதல்ல ஒரு விஷயம் புரிஞ்சுக்கணும். நமக்கு சங்கம் நடத்தவே தெரியாது. வாத்தியார், வி.ஏ.ஓ., மின்வாரியக்காரங்க எல்லாம் சர்வீஸ்ல இருக்கும்போதே சங்கம், கொடி, தீர்மானம்னு பழகுனவங்க. நமக்கு 1966ல வந்த போலீஸ் படை உரிமை கட்டுப்பாடு சட்டம் இருக்கு, சர்வீஸ்ல இருக்குறவன் அனுமதி இல்லாம சங்கத்துல சேரக்கூடாது. ரிட்டயர்டு ஆனப்புறம் அந்த கட்டு இல்ல, ஆனா பழக்கமும் இல்லையே! ஆர்டர் வரும் செய்வோம், செய்யலைன்னா மெமோ வாங்குவோம், இதான தெரியும், கை தூக்கி ஓட்டு போடுறதும் கணக்கு எங்கன்னு கேக்குறதும் அறுபது வயசுல புதுசா படிக்க வேண்டியதா இருக்கு.

எங்க மொத மீட்டிங்க சொல்றேன். கல்யாண மண்டபத்து சாப்பாட்டு ஹால ஓசிக்கு கேட்டு வாங்கி, பிளாஸ்டிக் சேரு வரிசையா போட்டாச்சு. ரிட்டயர்டு டி.எஸ்.பி. அய்யா உள்ள வந்தாரு, மொத்த ஹாலும் எந்திரிச்சு நிக்குது, ஒருத்தர் சல்யூட்டே அடிச்சிட்டாரு, அவரு உக்காந்தப்புறம்தான் நாங்க உக்காந்தோம். முன் வரிசைல இன்ஸ்பெக்டருங்க, அப்புறம் எஸ்.ஐ., அப்புறம் நாங்க, கடைசில கிரேடு ஒண்ணு, கிரேடு ரெண்டு போலீஸ்காரங்க. யாரும் இப்படி உக்காருங்கன்னு சொல்லல, தானா அப்படி அமைஞ்சிடுச்சு. அய்யா என்ன சொன்னாலும் "சரிங்கய்யா". ரெண்டு மணி நேரத்துல முடிஞ்சு போச்சு. வெளிய டீ குடிக்கும்போது பட்டாலியன்ல இருந்து ரிட்டயர்டு ஆன ஒருத்தர் சட்டைப் பையில இருந்து நாலா மடிச்ச பேப்பர எடுத்து என்கிட்ட காட்டுறாரு, அவருக்கு கம்யூட்டேஷன், அதாவது பென்ஷன்ல ஒரு பங்க மொத்தமா முன்கூட்டியே வாங்கினதுக்கு மாசா மாசம் புடிக்கிறது, பதினஞ்சு வருஷம் தாண்டியும் நிக்கல. "ஏம்ணே உள்ள சொல்லல"ன்னு கேட்டா, "ஆபீசருங்க இருக்காங்கள்லா"ங்கிறாரு. இவருக்காகத்தான் சங்கமே வைக்கணும், இவரு வாய தொறக்கலைன்னா அது சங்கம் இல்ல, ஆளெண்ணி ஆர்டர் போடுற ரோல் கால்.

அடுத்த மீட்டிங்ல இருந்து சேர வட்டமா போட்டோம். வருகைப் பதிவேட்டுல பதவின்னு ஒரு கட்டமே கிடையாது, பேரு, ஊரு, போன் நம்பர், அவ்வளவுதான். குறை இருக்குறவங்க மொதல்ல பேசணும், நிர்வாகிங்க கடைசில. இத டி.எஸ்.பி. அய்யாவே முன்மொழிஞ்சாரு, நல்ல மனுஷன். அவரு தலைவரா இருக்காரு, அது தப்பில்ல, எஸ்.பி. ஆபீஸ்குள்ள போய் பேச அவரு பேரு உதவும், இல்லைன்னு பொய் சொல்லி என்ன ஆகப்போவுது. ஆனா செயலாளர் பேப்பர் வேலை தெரிஞ்ச ஆளா இருக்கணும், பழைய ரைட்டர் எவனாவது ஆப்ட்டா விட்றாதீங்க. பொருளாளர் யார்ன்னா, தலைவரே கேட்டாலும் "ரசீது இல்லாம தரமுடியாதுங்கய்யா"ன்னு முகத்துக்கு நேரா சொல்ற ஆளு.

இனி பதிவு. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975, இதுக்கு கீழதான் வருது. குறைஞ்சது ஏழு பேர் வேணும். இருபது உறுப்பினர் ஆயிட்டாலோ, வருஷ வரவோ செலவோ 10,000 ரூபாய தொட்டாலோ பதிவு பண்ணியே ஆகணும், இல்லாம நடத்தக் கூடாது. போக வேண்டியது மாவட்டப் பதிவாளர் ஆபீஸ். இங்க ஒண்ணு கவனிங்க, வருவாய் மாவட்டமும் பதிவு மாவட்டமும் ஒண்ணு இல்ல. தென்காசிய 2019 நவம்பர்ல தனி மாவட்டமா பிரிச்சப்புறம் எங்காளுங்களுக்கு எது எந்த ஆபீஸ்னே குழப்பம், சர்வீஸ் முழுக்க நெல்லை மாவட்டம்னே எழுதிப் பழகின கையி. அதனால மொதல்ல பக்கத்து சார்பதிவாளர் ஆபீஸ்ல ஒரு வார்த்தை கேட்டுட்டு கெளம்புங்க. விண்ணப்பம் இப்போ பதிவுத்துறையோட இணையதளத்துலயே போடலாம், பேரன் பேத்தி யாராவது கூட உக்காந்தா நல்லது.

வேணுங்கிற பேப்பர் பெருசா ஒண்ணும் இல்ல. சங்க அமைப்புக் குறிப்பு, துணை விதிகள் (சங்கம் எப்படி நடக்கணும்னு நாமளே எழுதுற விதி), ஏழு பேரோட அடையாளச் சான்றும் கையெழுத்தும், ஆபீஸ் எங்க இருக்குங்கிறதுக்கு அத்தாட்சி. ஆபீஸ்னு தனியா வாடகைக்கு புடிக்காதீங்க, யார் வீட்டு முன் ரூமாவது போதும், வீட்டுக்காரர் சம்மதக் கடிதம் வாங்கிக்கங்க. சங்கம் உருவான தேதில இருந்து மூணு மாசத்துக்குள்ள தாக்கல் பண்ணிடுங்க. பேரு வைக்கும்போது அரசாங்க அமைப்பு மாதிரி தெரியுற பேரு வேண்டாம், திருப்பி அனுப்பிடுவாங்க. "ஓய்வுபெற்ற"ங்கிற வார்த்தை மொதல்ல, பெருசா வரட்டும். லெட்டர்பேட்லயும் அடையாள அட்டைலயும் சிங்கமும் கோபுரமும் போட ஆசை வரும், போடக்கூடாது, அரசு முத்திரைய தனியார் சங்கம் பயன்படுத்துறது சட்டப்படி குத்தம், நம்ம மேலயே கேஸ் எழுதினா நல்லாவா இருக்கும். வண்டில போலீஸ் ஸ்டிக்கரும் அதே கதைதான், சென்னைல 2024 மே 2ல இருந்து சொந்த வண்டில ஒட்டுனாலே டிராஃபிக்ல அபராதம் போட ஆரம்பிச்சாங்க. ரிட்டயர்டு ஆன நமக்கு எதுக்கு அது.

துணை விதிய வேற சங்கத்துது ஒண்ணு வாங்கி காப்பி அடிப்பீங்க, நாங்களும் அதான் பண்ணோம், பரவாயில்ல, ஆனா மூணு விஷயத்த நீங்களா சேருங்க. ஒண்ணு, இறந்துபோன போலீஸ்காரரோட மனைவி முழு உறுப்பினர், ஓட்டு உண்டு. நிறைய சங்கத்துல இது இல்ல, அவங்கள மேடைல ஏத்தி சேலை குடுத்து போட்டோ எடுத்துட்டு அனுப்பிடுவாங்க. ரெண்டு, நிர்வாகக் குழுவோட காலம் சட்டப்படியே மூணு வருஷத்த தாண்டக் கூடாது, மறுபடி நிக்கலாம், நாங்க பொருளாளர் மட்டும் தொடர்ந்து ரெண்டு தடவைக்கு மேல கூடாதுன்னு வச்சிருக்கோம். மூணாவதுதான் ரொம்ப முக்கியம், சங்கத்து லெட்டர்பேட்ல எந்த ஸ்டேஷனுக்கும் சிபாரிசு லெட்டர் போகக் கூடாது. ஆரம்பிச்ச ஆறாவது மாசமே ஆளு வந்துருவான், "மச்சான் வண்டிய புடிச்சு வச்சிருக்காங்க, பங்காளி நிலத்துல தகராறு, ஒரு வார்த்தை சொல்லுங்க"ன்னு. ஒரு தடவை போனா சங்கம் கட்டப்பஞ்சாயத்து ஆபீஸ் ஆயிடும், அப்புறம் நெசமான குறையோட எஸ்.பி. ஆபீஸ் போனாலும் வாசல்லயே நிக்க வச்சிருவாங்க. ஜாதி, கட்சி ரெண்டும் வாசலுக்கு வெளியன்னு சேர்த்து எழுதிக்கோங்க, அது எழுதினாலும் உள்ள வரத்தான் செய்யும், எழுதி இருந்தா திருப்பி அனுப்ப ஒரு சாக்கு.

காசு விஷயம் சிம்பிளா வைங்க. எங்ககிட்ட சேர்க்கைக்கு 100, மாசம் 50. சங்கம் பேர்ல பான் கார்டு எடுத்து பேங்க் கணக்கு, ரெண்டு பேர் கையெழுத்து இருந்தாதான் பணம் எடுக்க முடியும். மினிட்ஸ் புக்க நான் ஸ்டேஷன்ல ஜி.டி. (பொது நாட்குறிப்பு) எழுதுற மாதிரியே எழுதுறேன், தேதி, நேரம், யார் வந்தா, என்ன பேசினது, இடைவெளி விடாம, அடிச்சுத் திருத்தினா பக்கத்துல சுருக்கொப்பம். சிரிச்சாங்க. ஒரு தடவை கணக்குல சண்டை வந்தப்போ அந்த புக்குதான் காப்பாத்துச்சு.

சரி, சங்கம் வச்சாச்சு, என்ன வேலை பாக்குறது? தீபாவளி ஸ்வீட்டு, வருஷ டூர் எல்லாம் தானா நடக்கும். நெசமான வேலை பென்ஷன் குடுக்குற டிரசரில, அதாவது கருவூலத்துல இருக்கு. உயிரோட இருக்கோம்னு வருஷா வருஷம் காட்டுற நேர்காணல் முன்னாடி எல்லாருக்கும் ஏப்ரல்ல இருந்து ஜூன் வரைக்கும்னு இருந்துச்சு, அப்புறம் மாத்தி அவங்கவங்க ரிட்டயர்டு ஆன மாசத்துல பண்ணணும்னு வச்சிட்டாங்க. இதுல மறந்து போறவங்க ஜாஸ்தி. நான் ஒரு நோட்டுல பன்னெண்டு மாசமும் பன்னெண்டு பக்கமா போட்டு யார் யார் எந்த மாசம்னு எழுதி, ஒண்ணாந்தேதி போன் அடிச்சிருவேன். நேர்ல போக முடியாதவங்களுக்கு போஸ்ட்மேன் வீட்டுக்கே வந்து கைரேகை வச்சு உயிர்வாழ் சான்று எடுப்பாரு, 70 ரூபாதான். கைரேகை தேஞ்சு போனவங்களுக்கு போன்ல முகத்த காட்டி எடுக்குற ஆப் இருக்கு, ஆதார், பி.பி.ஓ. (பென்ஷன் வழங்கு ஆணை) நம்பர், பேங்க் பாஸ்புக் கைல இருந்தா அஞ்சு நிமிஷம். படுத்த படுக்கையா கிடந்த எங்க ஏட்டய்யா ஒருத்தருக்கு ஜன்னல தொறந்து வெளிச்சம் விட்டு, தலைக்கு ரெண்டு தலகாணி வச்சு, கண்ண சிமிட்டுங்கய்யா சிமிட்டுங்கய்யான்னு கெஞ்சி எடுத்தோம், பச்சை டிக் வந்ததும் அவரு மருமக கைதட்டிட்டா.

அடுத்தது சாவு. நேரா சொல்லிடுறேன். நம்மாளு போய்ட்டா மாலை, சங்கத்துல இருந்து நாலு பேராவது, அன்னைக்கே கைல ஒரு தொகை, இது எல்லாரும் பண்றது. அதுக்கு அடுத்த வாரம்தான் வேலையே. வீட்ல எல்லாரும் பண்ற தப்பு, அவரு ஏ.டி.எம். கார்டுல அடுத்த மாச பென்ஷன எடுத்து காரியத்துக்கு செலவு பண்ணிடுறது. அது திரும்ப கட்ட வேண்டிய காசு, அப்புறம் குடும்ப பென்ஷன்ல புடிப்பாங்க. அதனால உடனே டிரசரிக்கு எழுத்துல தகவல் குடுக்கணும். மனைவிக்கான குடும்ப பென்ஷன் பெரும்பாலும் அவரோட பி.பி.ஓ.லயே ஏற்கனவே போட்டிருக்கும், சென்னை ஏ.ஜி. (மாநில கணக்காயர்) ஆபீஸ் வரைக்கும் ஓட வேண்டாம், இறப்புச் சான்று, பி.பி.ஓ., ஆதார், பாஸ்புக்கோட டிரசரிலயே முடியும். ஓய்வூதியர் குடும்ப பாதுகாப்பு நிதி 50,000 ரூபாயும் அங்கதான், அதுக்கு தனி விண்ணப்பம். நிறைய பேர் இது இருக்குன்னே தெரியாம விட்டுடுறாங்க.

எங்க ஊர்ல ஒரு அக்கா, வீட்டுக்காரர் கிரேடு ஒண்ணு. மூணு மாசமா அலைஞ்சாங்க. என்னன்னு பாத்தா பி.பி.ஓ.ல "முத்துலெட்சுமி", ஆதார்ல "முத்துலட்சுமி". ஒரே ஒரு கொம்பு! கவுண்ட்டர்ல இருந்தவரு "பேரு வேற, ஆளு வேற"ன்னு திருப்பி அனுப்பிட்டே இருந்திருக்காரு, இந்த அக்காவும் அரிசிப் பை ஒண்ணுல பேப்பர் எல்லாத்தையும் வச்சுக்கிட்டு வாரா வாரம் பஸ் ஏறி இருக்காங்க. அந்தப் பையில கல்யாணப் பத்திரிகை கூட இருந்துச்சு. சங்கத்துல இருந்து ரெண்டு பேர் கூட போயி, முத்துலெட்சுமியும் முத்துலட்சுமியும் ஒரே ஆளுதான்னு தாசில்தார்கிட்ட சான்று வாங்கி இணைச்சு, அதோட முடிஞ்சுது. அன்னைல இருந்து புது உறுப்பினர் சேரும்போதே பி.பி.ஓ., ஆதார், பாஸ்புக் மூணையும் மேசைல வரிசையா வைக்கச் சொல்லி மனைவி பேர எழுத்து எழுத்தா ஒத்துப் பாக்குறோம். மூணுல ஒண்ணு மாறி இருந்தாலும் ஆளு உயிரோட இருக்கும்போதே திருத்தச் சொல்லிடுவோம். பத்துல நாலு பேருக்காவது ஏதோ ஒண்ணு இடிக்குது.

80 வயசு முடிஞ்சா பென்ஷன்ல 20 சதவீதம் கூடும், 85ல 30, 90ல 40, அப்படியே போகும். தானா வரணும், ஆனா பிறந்த தேதி டிரசரி ரெக்கார்டுல சரியா ஏறலைன்னா வராது, அந்த வயசு ஆளுங்க லிஸ்ட் தனியா வைங்க. கம்யூட்டேஷன் பதினஞ்சு வருஷமும் அதே மாதிரி கண்காணிக்க வேண்டியதுதான், முன்னாடி சொன்ன பட்டாலியன்காரருக்கு புடித்தத்த நிறுத்தி அதிகமா புடிச்சதையும் வாங்கிக் குடுத்தோம். மாச பென்ஷன் விவரத்த அரசாங்கத்தோட களஞ்சியம் ஆப்ல பாத்துக்கலாம். மருத்துவ இன்சூரன்ஸ்தான் தலைவலி, 2022 ஜூலைல தொடங்கின திட்டத்துல நாலு வருஷத்துக்கு 5 லட்சம்னு வச்சாங்க, ஆனா லிஸ்ட்ல இருக்குற ஆஸ்பத்திரி, லிஸ்ட்ல இருக்குற சிகிச்சை, இதுல ஒண்ணு இல்லைன்னாலும் கவுண்ட்டர்ல கைய விரிச்சிடுவாங்க. உங்க ஏரியால எந்த ஆஸ்பத்திரி லிஸ்ட்ல இருக்குன்னு பிரிண்ட் எடுத்து எல்லார் வீட்டு ஃபிரிட்ஜ்லயும் ஒட்டச் சொல்லுங்க, அவசரத்துல தேட முடியாது.

எதுவும் நகரலைன்னா கலெக்டர் ஆபீஸ்ல ஓய்வூதியர் குறைதீர்க்கும் நாள்னு நடக்கும், அதுக்கு மனுவ முன்கூட்டியே ரெண்டு பிரதில குடுத்துடணும், அன்னைக்கு போய் நின்னு கத்தி பிரயோஜனம் இல்ல. மனு ஒரு பக்கம்தான் இருக்கணும். நம்மாளுங்க எஃப்.ஐ.ஆர். மாதிரி நாலு பக்கம் எழுதுவாங்க, "மேற்படி நான் மேற்படி தேதியில்"னு, யார் படிப்பா.

அக்டோபர் 21 மறக்காதீங்க, 1959ல லடாக் ஹாட் ஸ்பிரிங்ஸ்ல சீனாக்காரன் சுட்டு பத்து போலீஸ்காரங்க செத்த நாள். மாவட்ட ஆயுதப்படை மைதானத்துல மரியாதை நடக்கும், முன்னாடியே எஸ்.பி. ஆபீஸ்ல லெட்டர் குடுத்து அனுமதி வாங்கிட்டு சங்கமா போங்க. பழைய தொப்பிய மாட்டிட்டு வர ஒருத்தர் கண்டிப்பா இருப்பாரு, வேண்டாம்னு பக்குவமா சொல்லிடுங்க, வெள்ளைச் சட்டை போதும்.

கடைசியா, வருஷா வருஷம் பொதுக்குழு கூட்டி வரவு செலவு கணக்க பதிவாளர்கிட்ட தாக்கல் பண்ணணும், நிர்வாகி மாறினா அதுக்கு ஏழாம் நம்பர் படிவம். முடிஞ்ச கையோட பண்ணிடுங்க, நாங்க ஒரு தடவை அடுத்த மாசம் அடுத்த மாசம்னு தள்ளிப் போட்டு, அபராதம் கட்டி, பழைய செயலாளர் மகன் வீட்டுக்கு கோயம்புத்தூர் போய் கையெழுத்து வாங்கிட்டு வந்தோம், போக வர பஸ் காசு என் பாக்கெட்ல இருந்து போச்சு, அதுக்கு ரசீது இல்லைன்னு நம்ம பொருளாளர் இன்னும் தரல.